தோற்று எழும்பிய பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

304 காட்ஸ் ஆட்டத்தில் உனக்குக் கை தேறிவருகிறது என்று உன் கடிதத்தைப் படித்தபோதே தெரிந்தது. எதுவரை கேட்பது, எங்கே விடுவது, கூட்டாளி இறக்கும் முதல் தாளிலிருந்து எதை ஊகிப்பது என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். அவற்றைச் சொல்லித்தர உன் ஊரிலேயே என்னைவிடக் கெட்டிக்காரர் இருக்கிறார்கள். கடைசியில் போகிற போக்கில் நீ எழுதிய நாலு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பேசாலையில் ஒரு செத்த வீட்டில் இரவு பத்து மணிக்கே நீயும் உன் கூட்டாளியும் தோற்று எழும்பிவிட்டீர்கள். அடுத்த சோடி உட்கார்ந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றாய். ஒருவர் திரும்பிப் பார்த்து, "தள்ளி நில் தம்பி" என்று சினந்தார். வீட்டுக்குப் போயிருக்க வேண்டுமோ என்று கேட்கிறாய்.

போயிருக்கக் கூடாது. நீ நின்றது சரி, நின்ற இடம்தான் பிழை.

செத்த வீட்டில் காட்ஸ் எதற்காக என்று முதலில் யோசித்துப் பார். பிரேதம் வீட்டில் இருக்கிற இரவில் அந்த வீட்டாரைத் தனியே விடக் கூடாது. உள்ளே பெண்கள் அழுது ஓய்ந்து, செபமாலை சொல்லி, மறுபடி அழுவார்கள். வெளியே பந்தலில் ஆண்கள் விடியும்வரை விழித்திருக்க வேண்டும். விழித்திருக்கத்தான் இந்தக் காட்ஸ், இந்தத் தேத்தண்ணி, இந்தத் தட்டு வெற்றிலை எல்லாம். தோற்றவர்கள் தோற்றவுடன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் நடுச்சாமத்துக்குப் பிறகு பந்தலில் நாலு பேர்தான் மிஞ்சுவார்கள். அழுத களைப்பில் வெளியே எட்டிப் பார்க்கிற அந்த வீட்டு மூத்த மகனுக்கு, நாலு பேருக்கும் நாற்பது பேருக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆகவே அந்த இரவில் விளையாடுகிறவர்களைவிட, தோற்ற பிறகும் போகாமல் இருக்கிறவர்களே வீட்டாருக்கு அதிகம் வேண்டியவர்கள். உனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

யுத்த காலத்தில் இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஊரடங்கு போட்ட இரவுகளில் பொழுதுபடுமுன் வந்தவர் விடிந்த பிறகுதான் வீடு போகலாம். முதல் ஆட்டத்திலேயே தோற்றாலும் அந்த வளவைவிட்டு வெளியேற வழியில்லை. பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ஒரே வளவுக்குள், சிலவேளை ஒரே அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், விளையாடுகிறவர்களும் விளையாட முடியாதவர்களும் சண்டையில்லாமல் இருந்தாக வேண்டும். அந்த நெருக்கடியில் இறுகிய ஒழுங்குகள்தான் நான் உனக்கு எழுதப்போகிறவற்றில் பாதி. இன்றைக்கு வீதி திறந்திருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. யாரும் எந்த நேரமும் எழும்பிப் போகலாம். அதனாலேயே இருக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இப்போது உன்னைத் தள்ளி நிற்கச் சொன்ன மனிதருக்கு வருவோம். அவர் ஏன் சினந்தார் என்று ஆட்டத்துக்குள்ளிருந்து பார். 52 தாளில் 20-ஐ ஒதுக்கிவிட்டு 32-ஐ வைத்து விளையாடுகிறோம். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்தது, இதில் ஒளிக்க எதுவுமில்லை. ஒளிந்திருப்பது ஒரே ஒரு தாள். முதல் நாலு தாளைப் பார்த்துவிட்டு, 160-க்குக் குறையாமல் கேட்டுக் கேள்வியைப் பிடித்தவர், தன் துரும்பைக் கவிழ்த்து வைக்கிறார். அது கலாவரையா இஸ்கோப்பனா என்று அவருடைய கூட்டாளிக்கே தெரியாது. கேட்ட சாதி கையில் இல்லாதவர் தன் தாளைக் கவிழ்த்துப் போடுகிறார். துரும்பு பிடித்தவர் அதை எடுத்துப் பார்க்கும்வரை வெட்டு விழுந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. முழு ஆட்டமும் அந்தக் கவிழ்ந்த தாளைச் சுற்றித்தான் ஓடுகிறது.

துரும்பு பிடித்தவரின் பின்னால் நீ நிற்கிறாய். துரும்பைக் கவிழ்க்கும்போது அதை நீ பார்த்துவிட்டாய். வாய் திறக்கவில்லை, உண்மை. எதிரணிக்காரர் ஒருவர் ஆட்டின் சாதியில் ஒரு தாள் இறக்குகிறார். உன் கண் ஒரு கணம் கவிழ்ந்த தாள் பக்கம் போய் வருகிறது. முடிந்தது. அந்த எதிரணிக்காரர் முப்பது வருடம் காட்ஸ் அடித்த மனிதர். அவர் தாளைப் பார்ப்பதைவிட முகங்களைத்தான் அதிகம் பார்ப்பார். உன் முகம் மேசையில் விரித்துப் போட்ட ஐந்தாவது கையாகிவிட்டது. துரும்பு பிடித்தவருக்கு அது முதுகில் சுட்டது, அதனால்தான் சினந்தார்.

எனவே முதல் ஒழுங்கு: ஒருவருடைய கையைப் பார்க்க வேண்டுமென்றால் அவரிடம் கேட்டுவிட்டுப் பார். ஒருவரைப் பார்த்தால் அந்தக் கை முடியும்வரை அவரை மட்டும் பார். வலம் வராதே. இரண்டு கையைப் பார்த்தவர் மேசையில் இருக்கும் எல்லாரையும்விட அதிகம் தெரிந்தவர் ஆகிவிடுகிறார். அந்தத் தெரிவு எப்படியும் முகத்திலோ மூச்சிலோ கசியும்.

இது நம்மூர்ப் பெரியவர்களின் பிடிவாதம் என்று நினைத்துவிடாதே. பிரிஜ் ஆட்டத்தின் சர்வதேச விதிகளில் பார்வையாளருக்கென்றே ஒரு விதி இருக்கிறது, 76-ஆவது. அனுமதியின்றி ஒருவருக்கு மேற்பட்டவரின் கையைப் பார்க்கக் கூடாது. கேள்வியின் போதோ ஆட்டத்தின் போதோ எந்த உணர்ச்சியும் காட்டக் கூடாது. பிழை நடந்தாலும் தானாகச் சுட்டிக்காட்டக் கூடாது. சதுரங்கத்தில் உலகச் சம்மேளனமான ஃபிடேயின் விதி உன் நிலைக்கு இன்னும் நெருக்கமானது: தன் ஆட்டத்தை முடித்துக்கொண்ட ஆட்டக்காரர் அதற்குப் பிறகு பார்வையாளராகவே கருதப்படுவார். எழும்பிய நொடியிலிருந்து ஆட்டக்காரருக்குரிய உரிமை ஒன்றும் அவருக்கு மிச்சமில்லை. அரை மணித்தியாலத்துக்கு முன் அந்த மேசையில் அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரிதான்.

இதை மனம் ஏற்பது கடினம், எனக்குத் தெரியும். தோற்றவனுக்கு வாய் துறுதுறுக்கும். "அந்த ஒன்பதை அப்பவே இறக்கியிருக்கலாம்" என்று சொல்ல வேண்டும் போலிருக்கும், சொன்னால் தன் தோல்விக்கு ஒரு ஆறுதல் கிடைக்கும் போலிருக்கும். கை முடிந்த பிறகு சொல்லலாமா என்றால், அதே சோடிகள் அடுத்த கையும் விளையாடப் போகின்றன. நீ சொன்னது அவர்களில் ஒரு பக்கத்துக்குப் பாடமாகிவிடும். உன் கூட்டாளியை அழைத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போ. படலையடியில் நின்று, நீங்கள் இருவரும் தோற்ற கையைத் தாள் தாளாக அலசுங்கள். அங்கேதான் நீ உண்மையாகக் கற்றுக்கொள்வாய். ஒன்று மட்டும்: கூட்டாளியை மற்றவர் முன்னால் குறை சொல்லாதே. சோடியாகத் தோற்றவர்கள் சோடியாகத்தான் எழும்ப வேண்டும்.

உன் வயதுப் பிள்ளைகள் இப்போது வீடுகளில் போக்கரும் விளையாடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் இணையத்தில் தகுதி பெற்று, லாஸ் வேகாசில் உலகப் போட்டியை வென்று 25 இலட்சம் டொலர் எடுத்ததிலிருந்து அந்த ஆட்டம் உலகமெங்கும் வீட்டு மேசைகளுக்கு வந்துவிட்டது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற நம் பிள்ளைகளின் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. அதில் ஒரு வித்தியாசத்தைக் கவனி. 304-இல் இரண்டு பேர் சேர்ந்து எழும்புகிறோம், முறை வந்தால் மறுபடி உட்காருவோம். சுற்றுப்போட்டியாக விளையாடும் போக்கரில் காய் தீர்ந்தவர் தனியே எழும்புகிறார், அந்த இரவு முழுவதும் அவருக்கு வேறு முறை கிடையாது. ஒன்பது பேர் ஆட்டத்தில் முதலில் எழும்பியவர் கடைசி இருவர் முடிப்பதற்கு மணிக்கணக்காகக் காத்திருப்பார். தன்னை வீழ்த்திய தாளைப் பற்றி வருகிற போகிற எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது அங்கே வரும் வியாதி. ஒரு தடவை சொல், அதோடு விடு. ஒரு கைக்கு ஓர் ஆட்டக்காரர்தான் என்ற விதியையும் அந்த ஆட்டத்தில் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்: யாருக்கும் பின்னாலிருந்து யோசனை சொல்லக் கூடாது.

அங்கே காசும் இருக்கிறது. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றுப்போட்டியாக இல்லாமல் ஆடும்போது, தோற்று எழும்பிய பிறகு வென்றுகொண்டிருப்பவரிடம் கடன் கேட்டு மறுபடி உட்காராதே. அவரால் மறுக்கவும் முடியாது, மனதாரக் கொடுக்கவும் முடியாது. இலங்கையில் 1889-ஆம் ஆண்டிலேயே 17-ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வீட்டைச் சூதாடும் இடமாக நடத்தியவரும் அதில் அகப்பட்டார். உனக்கு வீடு தந்தவரை அப்படி ஒரு வம்பில் மாட்டாதே. செத்த வீட்டில் காசு வைத்து ஆடுவது எனக்கு எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. அங்கே தாள் எடுத்திருப்பது எதற்காக என்பதையே அது மறக்கடித்துவிடும்.

சரி, எழும்பிய பிறகு கைகளை என்ன செய்வது? தாழ்வுபாட்டுக் கரையில் சோளகம் பலமாக அடிக்கிற நாட்களில் வாடிக்குப் போய்ப் பார். கடலுக்குப் போக முடியாத நாளில் காலையிலேயே காட்ஸ் தொடங்கிவிடும். தோற்று எழும்பியவர் பக்கத்தில் கிடக்கும் வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு கிழிசலைப் பொத்தத் தொடங்குவார். கண் வலையில் இருக்கும், காது ஆட்டத்தில் இருக்கும். கதைக்கிறார், சிரிக்கிறார், யாருடைய தாளும் அவர் பார்வையில் படுவதில்லை. அவர் இருப்பது யாருக்கும் இடைஞ்சலில்லை, எழும்பிப் போனால்தான் வாடி வெறிச்சென்றிருக்கும். இவ்வளவு அழகாகத் தோற்றுக் காட்டியவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. செத்த வீட்டில் வலை இல்லை. ஆனால் தேத்தண்ணி கொண்டுவர ஆள் வேண்டும், தூரத்திலிருந்து வருகிற ஆக்களுக்குக் கதிரை இழுத்துப்போட ஆள் வேண்டும், விடிந்தால் சேமக்காலைக்குப் போகிற வேலைகளுக்கு ஆள் வேண்டும். இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள். தேத்தண்ணித் தட்டோடு மேசைக்கு வரும்போது மட்டும் கை முடிந்த இடைவெளியில் வா.

சில சின்னச் சங்கதிகள். வெளிச்சத்தை மறிக்காதே, பந்தலில் ஒற்றைக் குமிழ்தான் எரியும், உன் நிழல் ஒருவருடைய தாளில் விழுந்தால் அவர் ஆசுத் தாளையும் எட்டையும் மாறிப் பார்ப்பார். நீ எழும்பிய கதிரையை உடனே விடு, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்காதே. போனில் பாட்டோ வீடியோவோ போடாதே. ஆட்டத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதே: செத்த வீட்டில் சிரித்தபடி காட்ஸ் அடிக்கிற படம் லண்டனில் இருந்து வர முடியாமல் அழுதுகொண்டிருக்கிற மகளின் கையில் போய்ச் சேரும்.

போக வேண்டிய அவசியம் உண்மையிலேயே இருந்தால் போ. விடியக்காலையிலேயே தூரப் பயணம் கிளம்ப வேண்டியவர் இருக்கிறார், சின்னப் பிள்ளையை வீட்டில் விட்டு வந்தவர் இருக்கிறார். ஒரு கையின் நடுவில் கிளம்பாதே, ஆட்டக்காரர்களின் கவனத்தைக் கலைக்காதே. மற்ற வீடுகளில் என்றால் வீட்டுக்காரம்மாவைத் தேடிப்பிடித்து, "போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்; அவர்தான் உனக்குச் சோறும் தேத்தண்ணியும் தந்தவர், மேசையில் இருக்கிறவர்கள் அல்லர். செத்த வீட்டில் விடைபெறுவதில்லை என்பது உனக்குத் தெரியும். வாங்கு எடுத்து வைத்து, கிடந்த கோப்பைகளை ஒதுக்கிவிட்டு, சத்தமில்லாமல் நட.

கடைசியாக, உன் பெரியப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். தோற்று எழும்பிய பிறகு ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்று, "அதை வெட்டு, இதை விடு" என்கிறார். அவரை யாராலும் தடுக்க முடியவில்லை. உனக்கு வெட்கமாக இருக்கிறது என்கிறாய். வயதில் மூத்தவரிடம் பேசாமல் இருங்க என்று நீ சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அவருக்கு இந்த ஆட்டத்தில் இருக்கிற அறிவு பொய்யில்லை, அதை வைக்க அவருக்கு ஓர் இடம் வேண்டும். அடுத்த முறை அவர் எழும்பியவுடன் நீயே ஒரு கதிரையைக் கொண்டுபோய், ஒருவர் கையும் தெரியாத மூலையில் போடு. "பெரியப்பா, புள்ளிக் கணக்கில எங்களுக்குத் தகராறு வருது, நீங்கதான் எண்ணிச் சொல்லணும்" என்று ஒரு கொப்பியும் பேனையும் அவர் கையில் கொடு. பிடித்த தாள்களை ஒவ்வொரு கை முடிவிலும் அவரே எண்ணட்டும். நாலு பேரும் ஒருமித்துக் கேட்டால் தீர்ப்பும் சொல்லட்டும். கணக்கு வைத்திருப்பவர் ஒரு பக்கம் சாயக் கூடாது என்று அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. உன்னைவிட அவருக்கு அது நன்றாகத் தெரியும். அன்றிரவு எப்படிப் போனது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்