உங்கள் வைஃபை பூட்டும் உத்திரமேரூர் குடமும்

ஐயங்கார்குளத்தில் புதிதாக லேப்டாப் வாங்கி, பிராட்பேண்ட் இணைப்பும் எடுத்த வீடுகளுக்கு நான் போவதுண்டு. வைஃபை பாஸ்வேர்டு என்னவென்று கேட்டால், பாதி வீடுகளில் வீட்டுக்காரரின் மொபைல் எண்ணைச் சொல்கிறார்கள். "பத்து இலக்கம் சார், யார் கண்டுபிடிக்கப் போறாங்க?" என்று சிரிக்கிறார்கள். கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை இந்தப் பாடத்தில் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். அதற்கு முன் இந்தப் பூட்டை எப்படி வடிவமைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் லேப்டாப்பும் ரவுட்டரும் பேசிக்கொள்வது காற்றில் எல்லாப் பக்கமும் பரவுகிறது. பக்கத்து வீட்டுக்காரரும் அதைப் பிடிக்கலாம். பிடித்தாலும் புரியாதபடி எழுத்துக்களைக் கலைத்து அனுப்புவதுதான் என்கிரிப்ஷன். கலைப்பதற்கும் திரும்ப அடுக்குவதற்கும் ஒரு கீ, அதாவது சாவி வேண்டும். இன்றைய ரவுட்டர்களில் கலைக்கும் வேலையைச் செய்வது ஏஇஎஸ் என்ற முறை. இதன் செய்முறை முழுவதும் அச்சிட்டு வெளியிடப்பட்டது. அமெரிக்காவின் என்ஐஎஸ்டி 1997-ல் உலகத்துக்கே அறிவிப்புக் கொடுத்தது. வந்த முறைகளில் 15-ஐ எடுத்து, முடிந்தவர்கள் உடைத்துப் பாருங்கள் என்று பொதுவில் வைத்தது. 2000-ல் பெல்ஜியம் நாட்டவர் இருவர் உருவாக்கிய முறையைத் தேர்ந்தெடுத்தது.

எல்லோருக்கும் தெரிந்த பூட்டு எப்படிப் பூட்டாகும்? நியாயமான கேள்விதான். கெர்க்காஃப்ஸ் என்பவர் 1883-லேயே பதில் சொல்லிவிட்டார்: செய்முறை எதிரியின் கையில் சிக்கினாலும் பாதுகாப்பு குலையக் கூடாது, சாவி மட்டுமே ரகசியமாக இருந்தால் போதும். செய்முறையை மறைத்து வைத்தவர்கள் பட்ட பாட்டுக்கு டிவிடி ஓர் உதாரணம். சினிமா டிவிடிகளின் பூட்டு முறையை ரகசியமாக வைத்திருந்தார்கள். 1999-ல் அது வெளியே வந்ததும் பூட்டும் போயிற்று. "எங்களுடையது யாருக்கும் தெரியாத ரகசிய முறை" என்று விளம்பரம் செய்யும் சாஃப்ட்வேரை நான் வாங்குவதில்லை.

இந்தப் பாடத்துக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. ஊரின் 30 குடும்புகளுக்கும், அதாவது வார்டுகளுக்கும், ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறை அது. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்குள் மட்டும் நடந்தது, ஆகவே இன்றைய தேர்தல் என்று நினைத்துவிடாதீர்கள். நமக்கு வேண்டியது அதன் வடிவமைப்பு.

கல்வெட்டின் ஒவ்வொரு விதியையும் ஒரு திருடனின் கண்ணால் படித்துப் பாருங்கள். வேண்டியவர் பெயரைப் பார்த்து எடுத்துவிடலாமே? உள்ளே இருப்பது அறியாத சிறுவன்தான் எடுக்க வேண்டும். வேண்டிய ஓலையை மேலே வைக்கலாமே? ஒரு குடும்பின் ஓலைக் கட்டை வேறு குடத்தில் போட்டுக் குலுக்க வேண்டும். குடத்தையே மாற்றிவிட்டால்? நம்பிமாரில் மூத்தவர் எழுந்து நின்று, ஊரார் எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஓலையை வாங்கும் மத்தியஸ்தர் கைக்குள் வேறொன்றை ஒளித்திருந்தால்? 5 விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பெயரை மாற்றி வாசித்தால்? அங்கே இருக்கும் நம்பிமார் அனைவரும் அதை வாசிக்க வேண்டும்.

இத்தனையும் மறைவில் இல்லை, எல்லோரும் படிக்கும்படி சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். படித்தவனுக்கும் அடுத்து எந்த ஓலை வரும் என்று தெரியாது. கணினிப் பாதுகாப்பை வடிவமைப்பவர்கள் செய்வதும் இதேதான். திருடன் எங்கே கை வைப்பான் என்று ஒவ்வொரு படியிலும் கேட்டு, அந்த இடத்தை அடைக்கிறார்கள்.

அடைக்காமல் விட்டால் நல்ல பூட்டும் பயன்படாது. 2008 மே மாதத்தில் டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஒரு கோளாறு வெளிவந்தது. 2006-ல் நீக்கப்பட்ட சில வரி புரோகிராமால், சாவி உருவாக்கும்போது குலுக்கல் நடக்கவே இல்லை. எண்ண முடியாத அளவு சாவிகள் வர வேண்டிய இடத்தில், ஒவ்வொரு வகையிலும் சுமார் 32 ஆயிரம் மட்டுமே வந்தன. ஏஇஎஸ் போன்ற பூட்டுகள் நன்றாகவே இருந்தன, குடத்தில்தான் ஓலைகள் இல்லை.

இப்போது மொபைல் எண்ணுக்கு வருவோம். ரவுட்டருடன் உங்கள் போன் இணையும்போது நடக்கும் தொடக்கப் பேச்சைத் தெருவில் நின்று பதிவு செய்துகொண்டால் போதும். பிறகு ஒருவன் தன் வீட்டில் உட்கார்ந்து பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். டபிள்யூபிஏ2 முறையில் ஒவ்வொரு ஊகத்துக்கும் 4,096 சுற்றுக் கணக்குப் போட வேண்டும். திருடனைத் தாமதப்படுத்தவே இந்த ஏற்பாடு. அப்படியும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு 10 லட்சம் ஊகங்களைச் சோதித்துவிடும். நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9 என்ற இலக்கங்களில்தான் தொடங்கும். ஆகவே மொத்தம் 400 கோடி எண்கள். 4,000 நொடிகளில், அதாவது 1 மணி 7 நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பிறந்த தேதி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நொடிகூட ஆகாது.

சரி, நல்ல பாஸ்வேர்டுக்கு என்ன வழி? வீட்டிலேயே ஒரு குடவோலை நடத்துங்கள். 26 ஆங்கிலச் சிறிய எழுத்துகளையும் 0 முதல் 9 வரை இலக்கங்களையும் ஒரே அளவுத் துண்டுச் சீட்டுகளில் எழுதி மடித்து, ஒரு சொம்பில் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு, மறுபடி உள்ளே போட்டுக் குலுக்குங்கள். இப்படி 12 முறை. திரும்பப் போடாமல் எடுத்தால் வரக்கூடிய பாஸ்வேர்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வந்த எழுத்து பிடிக்கவில்லை என்று மாற்றாதீர்கள். நாம் "பிடித்தது" என்று எடுப்பதைத்தான் திருடன் முதலில் ஊகிப்பான். இதே 10 லட்சம் வேகத்தில் எல்லாவற்றையும் சோதிக்க சுமார் 1.5 லட்சம் ஆண்டுகள் ஆகும்.

பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும், அடியில் ஒட்டிய லேபிளிலும் இருக்கும். வயர்லெஸ் செக்யூரிட்டி பகுதியில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பதிவு செய்து வீட்டில் ஊகிக்கும் வித்தை அதில் பலிக்காது. இல்லையென்றால் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ். பழைய டபிள்யூஇபி வேண்டவே வேண்டாம், அது 2001-லேயே உடைந்துவிட்டது.

அதே பக்கத்தில் டபிள்யூபிஎஸ் என்று ஒன்று தெரியும். அதன் 8 இலக்க பின் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதிகளாகச் சரிபார்க்கிறது என்று 2011-ல் தெரியவந்தது. முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதியில் கடைசி இலக்கம் கணக்கிட்டு வருவது என்பதால் 1,000. ஆக 11,000 முயற்சிகளில் கதவு திறந்துவிடும். பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்தக் கொல்லைப்புறக் கதவு திறந்தே கிடக்கும். அதை ஆஃப் செய்துவிடுங்கள்.

புதிய பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைக்கலாம், தப்பில்லை. ரவுட்டர் மேலேயே ஒட்டி வைத்தால் வருகிறவர் எல்லோருக்கும் தெரியும். போன், டிவி எல்லாவற்றிலும் ஒருமுறை அடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.