தங்கம் விளையும் நாட்டோடு நாம் காய் விட்ட கதை

தென்னாப்பிரிக்கா என்றாலே நமக்குக் கிரிக்கெட்டும் மண்டேலாவும்தான் ஞாபகம் வரும். அந்த மண்ணுக்கு அடியில் தங்கம், வைரம், பிளாட்டினம், மாங்கனீசு எல்லாம் கொட்டிக் கிடக்குது. மண்ணுக்கு மேலேயோ மனுஷங்களை நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் வேறே, பஸ் வேறே, கடற்கரையில் குளிக்கிற இடம்கூட வேறே.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? 1860-இல் மதராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்களை இப்படி ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு போனார்கள். பெரும்பாலும் கரும்புத் தோட்ட வேலை. முண்டியம்பாக்கம் மில்லுக்கு லாரியில் போகுதே, அதே கரும்புதான்! தென்னார்க்காட்டிலிருந்தும் நிறையப் பேர் போனார்கள். விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது தென்னார்க்காடுதான்.

1946-இல் அங்கே இந்தியர்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தி ஒரு சட்டம் வந்தது. நமக்கு அப்போ சுதந்திரமே கிடைக்கலை. ஆனாலும் உலகத்திலேயே முதலாவதாக இந்தியா அந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தியது. நம் ஏற்றுமதியில் சுமார் 5.5 சதவீதம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. சும்மா இல்லை, பெரிய நஷ்டம். அங்கே கடை வைத்திருந்த நம்ம ஆட்களுக்கும் கஷ்டம்தானே என்று தோன்றும். ஆனால் தடை போடச் சொல்லிக் கேட்டதே அங்கிருந்த இந்தியர் காங்கிரஸ்தான். அதே வருஷம் ஐ.நா. சபையில் விஜயலட்சுமி பண்டிட் வாதாடி, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு தீர்மானம் நிறைவேறியது.

அமெரிக்கா பெரிய தடைச் சட்டம் போட்டது எப்போது தெரியுமா? 1986-இல்! நாற்பது வருஷம் கழித்து. அதையும் ஜனாதிபதி ரீகன் தடுத்துப் பார்த்தார், முடியலை. கனிமமும் வியாபாரமும் பெரிதாகத் தெரிந்தால் நியாயம் மெதுவாகத்தான் வரும் போல.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ். சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடி இந்தியா இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. எதிரணி தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்று இந்தியா சொல்லிவிட்டது. கோப்பை அவர்களுக்கே போச்சு. இன்று வரை நாம் அதை ஜெயித்ததே இல்லை.

1990-இல் மண்டேலா விடுதலையாகி, அதே வருஷம் இந்தியா வந்தார், பாரத ரத்னா கொடுத்தார்கள். 1993 நவம்பரில் இரண்டு நாடும் பழம் விட்டன. விழுப்புரம் தனி மாவட்டமானதும் அந்த வருஷம்தான். 1994 ஏப்ரலில் கறுப்பர், வெள்ளையர், நம்ம கரும்புத் தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்.