பெலங்காஸின் சட்டையும் பாட்டியின் புல்லும்

பொந்தியான்

அன்புள்ள பேத்திக்கு,

நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகம் பரிணாமம் மெல்ல மெல்ல நடக்கிறது என்கிறது, இன்னொன்று நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டுச் சட்டென்று மாறுகிறது என்கிறது, எதைத் தாத்தா நம்புவது என்று கேட்டிருந்தாய். இரண்டு நாளாக அதே நினைவு. போனில் சொன்னால் பாதியில் விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

என் மேசைமேல் ஒரு பெலங்காஸ் ஓடு இருக்கிறது. போன மாதம் வற்றுநீர் நேரத்தில் சேற்றுக்கரையில் பொறுக்கியது. செத்ததன் ஓடு இல்லை, வளரும்போது கழற்றிப்போட்ட சட்டை. முன்விளிம்பு ஓரமாகக் கத்தியால் கீறியதுபோல ஒரு பிளவு தெரிகிறது. அந்த வழியாகத்தான் அது முன்னோக்கி ஊர்ந்து வெளியேறியிருக்கிறது. கண் இருந்த இடம்கூட மெல்லிய சவ்வாக அப்படியே நிற்கிறது. பிரியாத ஜோடியை மலாய்க்காரர்கள் 'மாச்சாம் பெலங்காஸ்' என்பார்கள், கேட்டிருப்பாய். முட்டையிடக் கரைக்கு வரும் பெண்ணை ஆண் பின்னாலிருந்து கவ்விக்கொண்டே வருவதைப் பார்த்துச் சொன்னது. தமிழில் குதிரைலாட நண்டு என்றாலும் அது நண்டு இனமே இல்லை. சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருங்கிய சொந்தம்.

கனடாவின் மனிடோபாவில் 44 கோடி ஆண்டுக்கும் முந்தைய பாறையில் இதன் மூதாதைகளைக் கண்டெடுத்து 2008இல் அறிவித்தார்கள். படத்தைப் பார்த்தால் நம் ஊர் மீனவர் யாரும் உடனே அடையாளம் சொல்லிவிடுவார். டைனோசர்கள் தோன்றி மறைந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீண்ட காலம், உருவத்தின் அடிப்படை கலையவே இல்லை.

இனி உன் பாட்டியின் கதைக்கு வருகிறேன். கூலாய் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அவள் மருந்து பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு பல வருடம் களைக்கு மருந்தடித்தாள். நாற்றங்காலில் அவளுக்குப் பெரிய தொல்லை ஒரு புல். தட்டையான தண்டு, அடியில் வெளுப்பு, உச்சியில் விரல் விரித்தாற்போலக் கதிர். கையால் பிடுங்கினால் மண்ணை விடாது. மலாயில் ரும்புட் சம்பாவ். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறோமே, அந்தக் கேழ்வரகு பிறந்ததே இந்தப் புல்லின் பரம்பரையிலிருந்துதான்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி 1974இல் சந்தைக்கு வந்தது. அதைத் தெளித்தால் புல் மஞ்சளாகிச் சாகும். சில வருடம் போனபின், அடித்த இடத்திலேயே அந்தப் புல் மட்டும் பச்சையாக நின்றது. தண்ணீரை அதிகம் கலந்துவிட்டாயா என்று மண்டோர் ஏசினார். அவள் அளவு தவறியதே இல்லை. புல்தான் மாறியிருந்தது. மருந்துக்கு அடங்காத இந்தப் புல் மலேசியாவில் இருப்பது 1997இல் பதிவாயிற்று. அவள் கண்ணால் பார்த்தது அறிவியலே என்று நான் படித்துச் சொன்ன அன்று, பாட்டி வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது இதுதான். செடிக்குள் சில அமினோ அமிலங்களைச் செய்ய ஒரு நொதி உண்டு. கிளைபோசேட் அதன் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்ளும், செடி பட்டினியால் சாகும். மலேசியப் புல்லில் அந்த நொதிச் சங்கிலியின் 106ஆம் இடத்தில் இருந்த புரோலின் என்ற அமினோ அமிலம் செரினாக மாறியிருந்ததை 2002இல் கண்டுபிடித்து எழுதினார்கள். ஒரே ஒரு மணி மாறியதில் பள்ளத்தின் வடிவம் சற்றே மாறி, மருந்து சரியாகப் பொருந்தவில்லை. பிறகு 102ஆம் இடமும் சேர்ந்து மாறிய செடிகள் நம் நாட்டிலேயே அகப்பட்டன (2015). அவற்றை வழக்கமான அளவு மருந்து அசைக்கவே இல்லை. ஆனால் மருந்து இல்லாத இடத்தில் அந்த இரட்டை மாற்றச் செடி மெலிந்தே வளர்கிறது.

இங்கே ஒன்றைக் கவனி. மருந்து எந்தப் புல்லுக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை. கோடிக்கணக்கான செடிகளில் எங்கோ ஒன்றிரண்டில் அந்த மாற்றம் தற்செயலாக நேர்ந்திருந்தது. மற்றவற்றை மருந்து கொன்று, இதற்கு இடம் ஒழித்துக் கொடுத்தது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அதனால்தான் மருந்து வந்து 23 ஆண்டுக்குள் அதற்கு அடங்காத புல் தலைதூக்கியது. அதிலும் பார், வேகமான இந்த மாற்றமே முதலில் ஒரு படி, அப்புறம் இன்னொரு படி என்றுதான் ஏறியிருக்கிறது.

இப்போது அந்த இரண்டு புத்தகங்கள். நம் லேடாங் மலையில் 1854இல் ஏறிப் பூச்சியும் பறவையும் சேகரித்த வாலஸும், டார்வினும் இயற்கைத் தேர்வைத் தனித்தனியே கண்டடைந்தவர்கள். சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்து பெரிதாகும் என்றார் டார்வின். அப்படியானால் பாறையில் இடைப்பட்ட வடிவங்கள் ஏன் இவ்வளவு குறைவு? பாறை என்பது பக்கம் கிழிந்துபோன புத்தகம் என்பது அவர் பதில். 1972இல் நைல்ஸ் எல்ட்ரெட்ஜ், ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற இரண்டு அமெரிக்க இளைஞர்கள், கிழியாத பக்கங்களிலும் இடைப்பட்ட வடிவங்கள் குறைவுதான் என்றார்கள். ஃபேகாப்ஸ் என்ற, அழிந்துபோன கடலுயிரான முக்கூற்றுடலியின் கண்களில் வில்லைகள் வரிசை வரிசையாக இருக்கும். எல்ட்ரெட்ஜ் அந்த வரிசைகளை உட்கார்ந்து எண்ணினார். பல லட்சம் ஆண்டுகள் 18 வரிசை, பிறகு திடீரென்று 17, மறுபடி நீண்ட அமைதி.

விளக்கமும் சொன்னார்கள். பெருங்கூட்டத்தின் நடுவில் புது மாற்றம் கரைந்துபோகும். ஓரத்தில் தனித்துப்போன சிறு கூட்டத்தில்தான் அது வேகமாகப் பரவும். சுமார் 20,000 ஆண்டுக்கு முன் கடல்மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது மெர்சிங்கிலிருந்து போர்னியோவுக்கு நடந்தே போகலாம். கடல் ஏறியபின், மெர்சிங்குக்கு எதிரே குன்றாக இருந்தவை தீவுகளாயின. அங்கே அகப்பட்டுக்கொண்ட உயிர்களைத்தான் இவர்கள் சொல்லும் 'ஓரம்' என்று நினைத்துக்கொள்.

இந்தத் 'திடீர்' என்ற சொல்தான் பலரைக் குழப்பிவிட்டது. பாறை படிப்பவர்களுக்குப் பல்லாயிரம் ஆண்டுகூடத் திடீர்தான், அவ்வளவு காலம் ஒரு விரல் தடிமன் படிவில் அடங்கிவிடும். அதற்குள் பாட்டியின் புல் எத்தனை ஆயிரம் தலைமுறை எடுத்துவிடும்! ஒரே நாளில் ஒரு விலங்கு வேறொன்றைப் பெற்றது என்று கூல்ட் சொல்லவே இல்லை. மாற்றத்தைவிட மாறாமல் இருக்கும் காலமே நீண்டது என்பதை டார்வினும் தம் நூலின் பிற்பதிப்பில் ஒப்புக்கொண்டிருந்தார். கடலடிச் சேற்றில் கிடக்கும் ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர் ஓடுகளில் படிப்படியான மாற்றமும் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே எந்த உயிர், எந்தக் கடிகாரம் என்று கேட்காமல் வேகத்தைப் பற்றிப் பேசவே முடியாது என்பது என் எண்ணம். எல்ட்ரெட்ஜும் கூல்டும் செய்த பெரிய காரியமாக நான் நினைப்பது வேறு: மாறாமல் இருப்பதற்கும் காரணம் தேடவேண்டும் என்று கேட்க வைத்தார்களே, அது.

பெலங்காஸுக்கே அந்தக் கேள்வியைப் போட்டால் விடை சுவையாக இருக்கிறது. அதன் முன்னோரில் மரபணுத் தொகுப்பு முழுவதுமே இரட்டித்திருக்கிறது. வெளியே அமைதி, உள்ளே அத்தனை மாற்றம். நன்னீருக்குள் புகுந்த பழைய கிளைகள் சில விசித்திர வடிவம் எடுத்து அழிந்தும் போயின. கடலோரச் சேற்றில் தங்கியவைதான் நம் கைக்குக் கிடைத்திருக்கின்றன.

ஓட்டைப் பழைய நாளிதழில் சுற்றி உனக்கு அனுப்புகிறேன். வாலை விரலால் உருட்டிப் பார். மூன்று விளிம்பு தட்டினால் கடற்கரை வகை, உருண்டையாக இருந்தால் அலையாத்திக் காட்டு வகை. நான் பார்த்துவிட்டேன், உனக்குச் சொல்லமாட்டேன். அப்புறம், உங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் சிமெண்டு வெடிப்புகளைப் பார்த்துவை. விரல் விரித்த அந்தப் புல் அங்கேயும் இருக்கும். கதிரில் எத்தனை விரல் என்று எண்ணி எழுது, பாட்டிக்கும் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
தாத்தா