கன்னட வினைமுற்றும் பெங்களூர்த் தமிழரும்

பெங்களூரில் குடியேறும் தமிழருக்குக் கன்னடப் பெயர்ச்சொற்கள் சில வாரங்களிலேயே கைவந்துவிடுகின்றன. ஆனால் காலத்தையும் இடத்தையும் காட்டி வாக்கியத்தை முடித்துவைக்கும் வினைமுற்று அவர்களை நெடுங்காலம் தடுமாற வைக்கிறது. இரு மொழிகளும் மிக நெருங்கியிருப்பதே இதற்குக் காரணம். வந்தேன் என்பது அங்கே ‘பந்தெ’ ஆவதைக் கண்டதும், வகரத்தைப் பகரமாக்கினால் போதும் என்ற துணிவு கற்பவருக்கு வந்துவிடுகிறது.

அந்தத் துணிவு முதலில் சறுக்குவது எதிர்மறையில்தான். பேச்சுத் தமிழின் ‘அவர் வரல’ என்பது நடந்து முடிந்ததை மறுப்பது. அதே ஓசையில் ‘அவரு பரல்ல’ என்று சொன்னாலோ, அவர் வரமாட்டார் அல்லது வருவது வழக்கமில்லை என்றே கன்னடர் கொள்வர். ‘பரல்ல’ என்பது ‘பருவுதில்ல’ என்னும் எழுத்து வழக்கின் குறுக்கமாதலால் அதற்கு நேரானது வருவதில்லை என்பதே. வரவில்லை என்பதற்கு நேரானது, செயவென் எச்சத்தோடு இல்லை சேர்ந்த ‘பரலில்ல’ ஆகும். விடுப்பு எடுத்த ஒருவரைப் பற்றி அலுவலகத்தில் ‘பரல்ல’ என்று சொன்னால், அவர் வேலையையே விட்டுவிட்டாரோ என்ற ஐயம் எழ இடமுண்டு. ஆகவே உடன்பாட்டு வடிவங்களுக்கு முன்பே இந்த இணையை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

எதிர்காலம் அவ்வளவு தொல்லை தருவதில்லை. ‘பருவெ’ போன்ற வடிவங்கள் பெரும்பாலும் எழுத்திலும் பாட்டிலும் நின்றுவிட, பேச்சில் ‘நாளெ பர்தீனி’ என்று நிகழ்கால வடிவமே நாளைக்கும் உதவுகிறது.

வட்டார வேறுபாடு வேறு வகைச் சிக்கல். 1956 நவம்பர் 1 அன்று பம்பாய், ஹைதராபாத் மாநிலங்களின் கன்னடப் பகுதிகளும் குடகும் தென் கன்னடமும் பழைய மைசூருடன் இணைந்தன. அவ்வட்டாரங்களின் பேச்செல்லாம் இன்று தலைநகரில் ஒரே தெருவில் கேட்கிறது. மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் காது கொடுத்தால், பேருந்து இருக்கிறதா என்ற கேள்வியே பல உருவங்களில் வந்து விழும்: மைசூர், பெங்களூர் நகர வழக்கில் ‘இதெயா’, சுற்றுப்புறக் கிராமத்தாரிடம் ‘ஐத்தா’, தார்வாடத்தாரிடம் ‘ஐத்தேன்ரீ’, மங்களூராரிடம் ‘உண்டா’. கடைசி வடிவம் தமிழருக்குச் சொந்த வீட்டுச் சொல்லாகவே ஒலிக்கும். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்னும் தொடர்வினைக்கும் இதே கதைதான்; தெற்கே ‘பர்தா இத்தீனி’ எனப்படுவது, தொடங்குதலைக் குறிக்கும் ‘ஹத்து’ என்ற துணைவினை சேர்ந்து வடக்கே ‘பராகத்தீனி’ ஆகிறது, ‘பரல்ல’ என்பதற்கும் அங்கே ‘பரங்கில்ல’ என்ற வடிவம் உண்டு. இவற்றுள் நகர வழக்கு ஒன்றையே வாயில் வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் காதுக்கு மட்டும் பழக்கிக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. எல்லாவற்றையும் கலந்து பேசுவது எந்த ஊர்க் கன்னடருக்கும் விந்தையாகவே படும். வீட்டில் தமிழ் வழங்கிய மரபில் வந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைக் கன்னட எழுத்துக்காகப் பெற்றவர் என்பதை எண்ணினால், இந்தத் தடுமாற்றம் கடக்கக்கூடியதே.

கன்னட எழுத்தையும் உடன் கற்றுக்கொள்வது ஆடம்பரமன்று. ‘வாங்க’ என்பதற்கான மரியாதை ஏவலைத் தமிழ் எழுத்தில் ‘பன்னி’ என்றே குறிக்க முடியும். ‘பயம்’ என்பதில் ஒலிக்கும் பகரம் இது என்று நினைவில் கொள்ளாமல் குறிப்பேட்டைப் பார்த்து அப்படியே படிப்பவர், வீட்டுக்கு வந்த விருந்தினரை எப்படி அழைப்பார் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.