60,000 ரூபா ஐரோப்பா குரூஸ்: கடைசியில் உங்க பாக்கெட்டிலிருந்து எவ்ளோ போகும்?



எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் வரிசைக்குப் பின்னாடி பைக்கில் நின்னவங்களுக்கு எம்.எஸ்.சி. என்ற பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கண்டெய்னர் மேல பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். 1970-ல் ஆரம்பிச்ச நிறுவனம், தலைமையகம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில். இன்னைக்கு உலகத்திலேயே பெரிய கண்டெய்னர் கப்பல் நிறுவனம். அதே குழுமம்தான் மத்தியதரைக் கடலில் சொகுசுக் கப்பல்களும் ஓட்டுது. அந்தக் கப்பல்களோட விளம்பரம்தான் இப்போ உங்க போனில் வருது: "7 இரவு, ஒரு ஆளுக்கு 60,000 ரூபா மட்டுமே!"

குரூஸ் பற்றி வீடியோ போட்ட பிறகு அதிகமா வந்த கேள்வியும் இதுதான்: "இந்த விலைக்கு ஐரோப்பாவா? புக் பண்ணலாமா?"

சுருக்கமான பதில்: அந்த 60,000 கப்பலில் உங்க கட்டிலுக்கான விலை. பயணத்தோட விலை கிட்டத்தட்ட அதைப் போல மூணு மடங்கு. போகவே கூடாதுன்னு சொல்ல வரல. மொத்தக் கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும். அதை வரி வரியாப் பார்க்கலாம்.

முதல்ல, யாரோட கப்பல்?

நம்ம ஊர் ஏஜென்ட்டுகள் அதிகம் விற்கும் ஐரோப்பிய நிறுவனங்கள் ரெண்டு. ஒண்ணு எம்.எஸ்.சி. இன்னொண்ணு கோஸ்டா. இது இத்தாலியின் ஜெனோவா நகரத்தில் 1854-ல் வியாபாரக் குடும்பமா ஆரம்பிச்ச நிறுவனம். இப்போ அமெரிக்காவின் கார்னிவல் குழுமத்துக்குச் சொந்தம். கோஸ்டா நமக்குப் புதுசு இல்லை. 2016 கடைசியில் மும்பை, கொச்சி, மாலத்தீவு பாதையில் ஒரு கப்பல் ஓட்டினாங்க. 2023 நவம்பரில் கோஸ்டா செரீனா மும்பையிலிருந்து கிளம்பிச்சு.

ஆனா விளம்பரத்தில் வர்றது பெரும்பாலும் ஜெனோவா, மார்செய், பார்சிலோனா, நேப்பிள்ஸ்னு சுத்துற 7 இரவுப் பயணம். அங்கே போய்த்தான் ஏறணும். செலவும் அங்கிருந்துதான் ஆரம்பிக்குது.

60,000-ல் என்ன இருக்கு, என்ன இல்லை?

இருக்கிறது: அறை, பஃபே சாப்பாடு, மெயின் ரெஸ்டாரன்ட் சாப்பாடு, தியேட்டர் நிகழ்ச்சி, நீச்சல் குளம், ஊர் ஊரா கூட்டிட்டுப் போறது. ஒரு ஓட்டலும் ரயிலும் சேர்ந்த மாதிரி. நியாயமா பார்த்தா நல்ல விலைதான்.

இல்லாதது:

- துறைமுகக் கட்டணம். விளம்பரத்தில் சின்ன எழுத்தில் "வரிகள் தனி"ன்னு இருக்கும்.
- சர்வீஸ் சார்ஜ். ஒரு ஆளுக்கு, ஒரு இரவுக்கு 10 யூரோவுக்கு மேல். இது டிப்ஸ் மாதிரி விருப்பப்பட்டுக் கொடுக்கிறது இல்லை. தானாகவே உங்க கணக்கில் ஏறும்.
- தண்ணி. நம்மாளுங்க முதல் நாளே அதிர்ச்சி ஆகுற இடம் இதுதான். பஃபே பக்கம் மெஷினில் பிடிச்சுக் குடிக்கலாம். ராத்திரி ரெஸ்டாரன்ட் மேஜையில் பாட்டில் தண்ணி கேட்டா பில் வரும். கூல் டிரிங்ஸ், ஸ்பெஷல் காபி எல்லாத்துக்கும் காசுதான்.
- வைஃபை. தனி பேக்கேஜ்.
- ஊர் சுத்திப் பார்க்கிறது. கப்பல் இறக்கிவிடும், அவ்வளவுதான். "ரோம்"னு போட்டிருக்கும் துறைமுகம் சிவிட்டாவெக்கியா; அங்கிருந்து ரோமுக்கு 70 கி.மீ.க்கு மேல். ராயபுரத்தில் இறக்கிவிட்டு "காஞ்சிபுரம் வந்தாச்சு"ன்னு சொல்ற மாதிரி.

இன்னொரு விஷயம். "ஒரு ஆளுக்கு"ன்னு போடுற விலை, ரெண்டு பேர் ஒரே அறையில் தங்கினா மட்டும்தான். தனியா போனா கிட்டத்தட்ட ரெண்டு பேர் காசும் நீங்களே கட்ட வேண்டி வரலாம்.

ரெண்டு பேருக்கு முழுக் கணக்கு

கணக்கு சுலபமா இருக்க 1 யூரோ = 100 ரூபான்னு வச்சுப்போம். கீழே இருக்கிறது ஒரு மாதிரிக் கணக்கு. சீசன், கப்பல், டிக்கெட் எடுக்கிற நேரம் பொறுத்து மாறும். புக் பண்ணும்போது உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.

- கப்பல் கட்டணம் (60,000 × 2): 1,20,000
- துறைமுகக் கட்டணம்: 30,000
- சர்வீஸ் சார்ஜ் (12 யூரோ × 7 இரவு × 2): 16,800
- சென்னையிலிருந்து விமானம், போக வர: 1,20,000
- விசா கட்டணம், விசா மையச் செலவு: 20,000
- கப்பல் ஏறும் முந்தின நாளும் இறங்கின நாளும் ஓட்டல்: 24,000
- பயணக் காப்பீடு: 4,000
- துறைமுக ஊர்களில் ரயில், பஸ், டிக்கெட், சாப்பாடு: 25,000
- தண்ணி, காபி, வைஃபை: 15,000
- ஏர்போர்ட் டாக்சி, மத்த சில்லறைச் செலவு: 10,000

மொத்தம் 3,84,800. ஒரு ஆளுக்கு 1,92,400. எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தா, ரெண்டு பேருக்கு இலக்கு 4,25,000 ரூபா.

கையில் 45,000 சம்பளம் வாங்குறவங்களுக்கு இது ஒன்பது மாசச் சம்பளத்துக்கு மேல். அதனாலதான் "ஆஃபர் இன்னைக்கு ராத்திரியோட முடியுது"ன்னு யாராவது சொன்னா, போனைக் கவிழ்த்து வச்சிடுங்க.

முந்தின நாளே போய் ஓட்டலில் தங்குறது ஆடம்பரம் இல்லை. விமானம் லேட்டானா கப்பல் உங்களுக்காக நிக்காது. அந்த ஒரு இரவு வாடகை மொத்தப் பயணத்துக்கும் பாதுகாப்பு.

டி.சி.எஸ். (கம்பெனி இல்லைங்க, வரி!)

விமானம், கப்பல், ஓட்டல் எல்லாம் சேர்த்து இந்திய ஏஜென்ட்கிட்ட வெளிநாட்டு பேக்கேஜா வாங்கினா, ஜி.எஸ்.டி.யோடு டி.சி.எஸ். என்ற வரியையும் முன்கூட்டியே வசூல் பண்ணுவாங்க. 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரைக்கும் 5%, அதுக்கு மேல் 20%. இந்த விகிதம் பட்ஜெட்டில் மாறக்கூடியது. நீங்க பணம் கட்டும் நாளில் என்ன விகிதம்னு பார்த்துக்கோங்க.

5% விகிதத்தில், 3 லட்சம் பேக்கேஜுக்கு 15,000 ரூபா. இது போற பணம் இல்லை, மாட்டிக்கிற பணம். உங்க பான் எண்ணில் பதிவாகி 26ஏஎஸ் அறிக்கையில் தெரியும். வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணும்போது கழிச்சுக்கலாம், இல்லைன்னா திரும்ப வாங்கலாம். சம்பளக்காரங்களுக்கு இன்னொரு வசதி: 2024 அக்டோபரில் வந்த 12பிஏஏ படிவத்தை ஆபீஸில் கொடுத்தா, சம்பளத்தில் பிடிக்கிற வரியைக் குறைச்சுப் பிடிப்பாங்க. பேக்கேஜ் யார் பெயரில், யார் பான் எண்ணில் இருக்குங்கறதை மட்டும் சரியா பாருங்க. வரி கட்டுற ஆள் ஒருத்தர், பான் வேற ஒருத்தரோடதுன்னா குழப்பம்தான்.

விசா: பணம் நிஜமா மாட்டிக்கிற இடம்

கப்பல் காசு, விமானக் காசு எல்லாம் கட்டின பிறகு விசா கிடைக்கலைன்னா? கப்பல் நிறுவனங்களோட ரத்துக் கட்டணம், பயணத் தேதி நெருங்க நெருங்க ஏறும். கடைசி நாட்களில் முழுத் தொகையும் போகும். விசா மறுக்கப்பட்டாலும் இதே விதி பொருந்தலாம். நாலு லட்சத்தில் பெரிய ஆபத்து இதுதான். அதனால வரிசை முக்கியம்.

1. முதலில் லீவு. மணலி, எண்ணூர் பக்கம் பிளான்ட்டில் இருக்கிறவங்க ஷட்டவுன் தேதியைக் கேட்டுட்டு எழுத்தில் லீவு வாங்குங்க. விசாவுக்கு நிறுவனத்தின் கடிதமும் கேட்பாங்க.
2. பிறகு, ரத்து பண்ணக்கூடிய கட்டணத்தில் கப்பலும் விமானமும். கொஞ்சம் விலை கூட இருந்தாலும் பரவாயில்லை. ரத்து விதிகளை எழுத்தில் வாங்கிக்கோங்க.
3. பிறகு விசா. ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாசம் முன்னாடியிலிருந்து விண்ணப்பிக்கலாம். பெரியவங்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது. சாதாரணமா 15 நாள். சில சமயம் 45 நாள் வரைக்கும் இழுக்கும்.
4. விசா கையில் வந்த பிறகுதான் மீதிப் பணம். கடைசித் தவணைத் தேதியை அதுக்கு ஏத்த மாதிரி கேட்டு வாங்குங்க.

எந்த நாட்டுத் தூதரகம்? அதிக நாள் இருக்கப் போற நாடு. எல்லாம் சமமா இருந்தா முதலில் நுழையுற நாடு. கப்பல் நடுவில் துனிசியா, துருக்கி மாதிரி ஷெங்கனுக்கு வெளியே போயிட்டுத் திரும்பினா, பலமுறை நுழையும் விசா வேணும். ஒருமுறை விசாவோட போனா திரும்ப உள்ளே வர முடியாது. கப்பலில் ஏத்தவே மாட்டாங்க.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு இருக்கணும்னு விசா விதியே சொல்லுது. பாலிசியில் கடல் பயணம் சேர்ந்திருக்கான்னு கேளுங்க. கப்பல் டாக்டர் இலவசம் கிடையாது. பில்லை நீங்க கட்டிட்டு, ஊருக்கு வந்துதான் காப்பீட்டில் கேட்க வேண்டி வரும்.

கப்பலில் ஏறின பிறகு

- கையில் காசு செல்லாது. அறைக் கார்டுதான் எல்லாத்துக்கும். அதோடு உங்க கிரெடிட் கார்டை இணைப்பாங்க. நிறைய இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5% மார்க்கப், அது மேல ஜி.எஸ்.டி. மார்க்கப் குறைவான கார்டு எடுத்துட்டுப் போங்க. ஊருக்குள் கடைகளில் "ரூபாயில் கட்டலாமா?"ன்னு மெஷின் கேட்டா யூரோவையே தட்டுங்க, ரூபாயில் விலை அதிகமா விழும்.
- தினமும் பில்லைப் பாருங்க. ஆப்பிலோ அறை டிவியிலோ தெரியும். கடைசி நாள் பார்த்தா சண்டை போட நேரம் இருக்காது.
- போனை ஃப்ளைட் மோடில் போடுங்க. நடுக்கடலில் கப்பலோட சாட்டிலைட் நெட்வொர்க்கில் போன் தானா சேர்ந்துட்டா, ரோமிங் பில் தலை சுத்த வைக்கும்.
- பாதுகாப்புப் பயிற்சிக்குக் கட்டாயம் போங்க. 2012 ஜனவரி 13 அன்னைக்கு இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தாங்க. அன்னைக்கு ஏறின பயணிகளுக்கு அப்போ பயிற்சி நடக்கவே இல்லை. அதுக்குப் பிறகு சர்வதேச விதி மாறி, கப்பல் கிளம்பும் முன்னாடியோ கிளம்பின உடனேயோ பயிற்சி நடக்கணும்னு ஆச்சு.
- திரும்ப ஏறும் நேரம். கிளம்பும் நேரத்துக்கு முன்னாடியே கதவு மூடிடும். கப்பல் நிறுவனத்தோட டூரில் போயிருந்தா லேட்டானாலும் காத்திருப்பாங்க. சொந்தமா ரயிலில் போறது மலிவு, ஆனா ரெண்டு மணி நேரம் கையில் வச்சுக்கிட்டுத் திரும்புங்க.
- பெட்டியில் எலெக்ட்ரிக் கெட்டில், ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் வேண்டாம். தீ ஆபத்துன்னு வாங்கி வச்சிடுவாங்க. நெய், பால்கோவா மாதிரி பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு போகவே அனுமதி இல்லை. சைவம்னா புக் பண்ணும்போதே எழுதிக் கொடுங்க.
- அறிவிப்புகள் நாலஞ்சு மொழியில் வரும், இங்கிலீஷும் அதில் ஒண்ணு. ஒவ்வொரு துறைமுகத்திலும் புது ஆட்கள் ஏறுவாங்க. கூட்டமும் சத்தமும் இருக்கும்.

பணம்: சேர்த்துட்டுப் போறதா, போயிட்டுக் கட்டுறதா?

ஒரே 4,25,000 ரூபா, ரெண்டு வழி.

வழி 1: பர்சனல் லோன். 14% வட்டி, 36 மாசம். இ.எம்.ஐ. மாசம் 14,525. மொத்தம் கட்டுறது சுமார் 5,22,900. வட்டி மட்டும் 98,000-ஐ ஒட்டி வரும். பிராசஸிங் கட்டணம் தனி.

வழி 2: ஆர்.டி. 6.5% வட்டி, 30 மாசம், மாசம் 13,100. கையிலிருந்து போறது 3,93,000. முடிவில் கையில் 4,25,000-க்கு மேல்.

மாசத் தவணை கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா ரெண்டு வழிக்கும் நடுவில் 1,30,000 ரூபா வித்தியாசம். ரெண்டு சம்பளம் வர்ற வீட்டில் ஆளுக்கு 6,550 போட்டாலே போதும். நடுவில் வேலை போச்சுன்னா ஆர்.டி.யை நிறுத்தலாம், இ.எம்.ஐ.யை நிறுத்த முடியாது. இந்த ஒரு வரிக்காகவே வழி 2-ஐ எடுங்க.

ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதியும், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் இல்லாதவங்க இந்த ஆர்.டி.யை இப்போ ஆரம்பிக்காதீங்க. முதலில் அது. கப்பல் அடுத்த வருஷமும் அதே துறைமுகத்திலிருந்துதான் கிளம்பும்.

நாலு லட்சத்துக்கு முன்னாடி, நம்ம துறைமுகத்தில் ஒரு ட்ரையல்

உங்களுக்குக் கப்பல் பயணம் ஒத்துக்குமா? அலையில் வாந்தி வருமா? ஜன்னல் இல்லாத அறையில் ஏழு ராத்திரி இருக்க முடியுமா? இதையெல்லாம் பார்சிலோனாவில் போய்த் தெரிஞ்சுக்க வேண்டாம்.

2022 ஜூன் 4 அன்னைக்கு சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா எம்ப்ரஸ் கப்பலை முதல்வர் ஸ்டாலின் கொடியசைச்சுத் தொடங்கி வச்சார். ரெண்டு இரவு கடலுக்குள் போயிட்டு வர்ற பயணமும், விசாகப்பட்டினம், புதுச்சேரி பக்கம் போற ஐந்து இரவுப் பயணமும் அறிவிச்சாங்க. 2023 ஜூனில் இலங்கைக்கும் இங்கிருந்து கிளம்பிச்சு. அந்தக் கப்பலே 1990-ல் பிரான்ஸில் கட்டினது, முன்னாடி ராயல் கரீபியன் நிறுவனத்துக்கு ஓடினது. சின்ன அறை, பஃபே, அறைக் கார்டு, கூடுதல் பில், எல்லாம் அதே முறைதான். உள்நாட்டுப் பயணத்துக்கு விசா வேண்டாம், விமானம் வேண்டாம். சென்னையிலிருந்து எப்போதும் ஓடாது. அந்த வருஷத்து அட்டவணையைப் பார்த்துட்டுப் போங்க.

பிடிச்சிருந்தா ஆர்.டி.யைத் தொடருங்க. பிடிக்கலையா? ரெண்டு இரவுக் காசில் நாலு லட்சம் மிச்சம்.

இந்த வாரத்துக்கான வேலை ஒண்ணே ஒண்ணு: மேலே இருக்கிற பத்து வரிப் பட்டியலை ஒரு பேப்பரில் எழுதி, உங்க தேதிக்கு, உங்க எண்களைப் போட்டுக் கூட்டுங்க. வர்ற தொகையை 30-ஆல் வகுங்க. அந்த எண்ணைப் பார்த்து வயித்தைக் கலக்கலைன்னா, நீங்க கப்பல் ஏறத் தயார். அடுத்த பதிவில் சந்திப்போம்!