மெக்கானிக்கல் படித்தவர்களே, பக்கத்திலேயே பாருங்கள்

பட்டம் வாங்கியும் வேலை அமையவில்லையா? ரவாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு மட்டும் மனு போட்டுக்கொண்டிருக்காதீர்கள். சுங்கை சோவில் பெரோடுவா கார் தொழிற்சாலை இருக்கிறது. செரண்டாவில் ரோல்ஸ்-ராய்ஸ் விமான எஞ்சினுக்கு விசிறி உறை தயாரிக்கிறார்கள்.

பலர் மறப்பது செம்பனை ஆலையை. செம்பனையும் நம் பக்கத்துப் பயிர்தான்: நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே 1917-இல் கோலசிலாங்கூர் தென்னமரத்தில்தான் உருவானது. ஆலையில் பழ நாரும் கொட்டை ஓடும் பாய்லரில் எரியும். அந்த நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றும், பிறகு பழக்குலைகளை வேகவைக்கும். நீங்கள் படித்த தெர்மோடைனமிக்ஸ் அப்படியே கண்முன்! பயிற்சிப் பொறியாளராகச் சேருங்கள். பாய்லர் அனுபவத்தை அன்றன்றே எழுதிவைத்து, ஜேகேகேபி எனும் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் நீராவிப் பொறியாளர் தேர்வுக்குத் தயாராகுங்கள். கையில் எண்ணெய் படுவதற்கு அஞ்சாதவருக்கு இது நல்ல வழி.

பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிவதையும் தள்ளிப்போடாதீர்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைதேடல் தளத்திலும் பதியுங்கள்; பதிவு இலவசம்.