தேங்கிய நீரில் சைக்கிளை இறக்காதீர்கள்

ஐப்பசி பிறந்தாயிற்று. இனி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான். சைக்கிளில் போகிறவர்களுக்கு மழை பெய்யும் நேரத்தைவிட, விட்ட பிறகுதான் ஆபத்து அதிகம். நேற்றுவரை கண்ணுக்குத் தெரிந்த பள்ளத்தை இன்று தண்ணீர் மூடியிருக்கும். அரை அடிக் குழியும் அரை அங்குலத் தேக்கமும் மேலே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

காரில் போகிறவருக்கு அது ஒரு குலுக்கல். சைக்கிளின் முன்சக்கரமோ குழியின் விளிம்பில் முட்டி நின்றுவிடும்; ஓட்டுகிறவர் ஹேண்டில்பாரைத் தாண்டி விழுவார். பின்னால் பஸ் வந்தால் என்ன ஆகும் என்று எழுதக் கை வரவில்லை. 2017-இல் மட்டும் நாடு முழுவதும் சாலைக் குழிகளால் இறந்தவர்கள் 3,597 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு.

ஆகவே, ஆழம் தெரியாத தண்ணீரில் சைக்கிளை இறக்காதீர்கள். சுற்றிப் போக வழியில்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். மின்பெட்டியையோ மின்கம்பத்தையோ ஒட்டித் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கமே வேண்டாம். சாலையின் ஓரத்தை ஒட்டியே ஓட்டுவதும் பாதுகாப்பில்லை. மூடி விலகிய வடிகால் குழிகள் அங்கேதான் இருக்கின்றன. இரண்டடி உள்ளே தள்ளி, நேராக ஓட்டுங்கள். குழியைக் கண்டதும் சட்டென்று வெட்டித் திருப்பினால் பின்னால் வரும் வண்டிக்குள் போய் விழ நேரும். வேகத்தை முன்பே குறையுங்கள். தப்பவே முடியாத குழியென்றால் சீட்டிலிருந்து சற்று எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் லேசாக மடக்கி, முன் பிரேக்கை விட்டுவிட்டுக் கடந்துவிடுங்கள். ரிம் நனைந்தால் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. தேய்ந்த கட்டையை இந்த வாரமே மாற்றுங்கள்.

பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் விலையில்லா சைக்கிளில், புத்தகப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, ஒரு கையில் குடையோடு போவதைப் பார்க்கிறோம். பை கேரியருக்குப் போகட்டும். குடைக்குப் பதில் ரெயின்கோட் வாங்கிக் கொடுங்கள். விடியுமுன் பாலும் பேப்பரும் போடுகிறவர்கள் முன்னால் ஒரு டார்ச்சும் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கரும் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

குழி மழையால் வந்தது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தாருக்குத் தண்ணீர் ஆகாது. சாலையின் வெடிப்பில் இறங்கிய நீரை லாரி டயர்கள் மேலிருந்து அமுக்க அமுக்க, ஜல்லி பிடிப்பு விட்டுப் பெயர்கிறது. அந்த வெடிப்பைக் கோடையில் அடைத்திருக்க வேண்டும். குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டிய இடத்தை வெறும் மண்ணால் மூடியதும் மழை செய்த வேலை அல்ல. சாலைப் பராமரிப்பில் தவறி உயிர்ச்சேதமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு இடம் தருகிறது.

குழியைப் பற்றி யாரிடம் புகார் செய்வது? சாலை யாருடையது என்பதை மைல்கல்லே சொல்லும். தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை; 1033-க்கு அழையுங்கள். பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. அதற்கு நெடுஞ்சாலைத் துறையின் ‘நம்ம சாலை’ செயலி இருக்கிறது. சென்னை மாநகராட்சித் தெருக்களுக்கு 1913. மற்ற ஊர்களில் நகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுதிக் கொடுங்கள். குழியோடு பக்கத்துக் கடையும் தெரியும்படி படமெடுத்து அனுப்பி, புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எண் கையில் இல்லாத புகாரைத் தொடர்ந்து கேட்க முடியாது.

ஆள் வரும்வரை கட்டட இடிபாட்டைக் கொட்டி மூட வேண்டாம். அடுத்த மழையில் அது கரைந்து ஜல்லி சாலையெங்கும் சிதறும். சைக்கிள் வழுக்க அதுவே போதும். நம் ஊர் வழக்கப்படி ஒரு மரக்கிளையை நட்டு வையுங்கள். இரவில் தெரிய அதன் நுனியில் ஒரு வெள்ளைத் துணியையும் கட்டிவிடுங்கள்.

உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போகும் வழியை இந்த ஞாயிற்றுக்கிழமை, தரை காய்ந்திருக்கும்போதே, ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கெங்கே குழி என்று பிள்ளைக்கும் காட்டுங்கள்.